மதிப்பெண் என்னுடையது, எடை யாருடையது?

"மாப்ள, ஞாயித்துக்கெழம வேல ஏதும் இருக்கா? ஒரு போன் வாங்கணும். நீ வந்தாத்தான் சரிவரும்."

குரல் செய்தியாகத்தான் வந்தது. மாமா டைப் செய்ய மாட்டார். அம்மாவுக்குத் தூரத்து உறவில் தம்பி முறை, அறந்தாங்கிப் பக்கம் ஊர். பதினோரு வருடமாக இங்கே கட்டுமான வேலை. மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அடுத்த வாரம் லீவில் ஊருக்குப் போகிறார். மகள் கல்லூரியில் சேர்கிறாள். அவளுக்கு முதல் போன்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். நண்பர்கள் லேப்டாப், இயர்போன், கைக்கடிகாரம் எது வாங்குவதாக இருந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, மின்னணுப் பொருள்கள் எவ்வளவு நாள் தாங்கும் என்று சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். என்னிடம் ஒரு எக்செல் தாள் உண்டு. விலை, தரம், பயன்பாட்டு வசதி என்று மூன்று தலைப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு தலைப்பின் கீழும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். தலைப்புகளுக்கு ஆளுக்கொரு எடை, விலைக்கு 40, தரத்துக்கு 35, வசதிக்கு 25. பெருக்கிக் கூட்டினால் எது வாங்கலாம் என்று கடைசிக் கட்டத்தில் வந்து நிற்கும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிற முறை இது. பாலம் கட்டுபவரும் பம்பு வாங்குபவரும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஞாயிறு மாலை தேக்காவில் சந்தித்தோம். அந்த நேரத்து லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சிராங்கூன் சாலையில் நடைபாதை போதாமல் ஆட்கள் சாலையில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் வரிசை. முஸ்தபாவைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்த கைப்பேசிக் கடைக்குப் போனோம். எங்கே போக வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் என் தாளில் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. 289 வெள்ளிக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன். பெரிய பேட்டரி, நல்ல பிராசசர். என் கணக்கில் பத்துக்கு 7.8.

மாமாவின் கை வேறொன்றை எடுத்தது. 640 வெள்ளி. என் தாளில் அதற்கு 6.75. கேமராவைத் திறந்து, தன் பக்கம் திருப்பி, திரையில் தெரிந்த தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது நல்லாருக்குல்ல மாப்ள?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவுக்கு செல்ஃபி ஆசை! "மாமா, அதுல பாதிக் காசு பேருக்குத்தான். செல்ஃபி கேமராவெல்லாம் எதுக்கு? படிக்கிற புள்ளைக்கு இது போதும்" என்று என் தேர்வை நீட்டினேன். கணக்கையும் காட்டினேன்.

கடைக்காரர் போனைத் திறந்து காட்டுவதற்காக மாமாவின் கட்டைவிரலை ரேகை உணரியில் வைக்கச் சொன்னார். மூன்று முறை வைத்தும் பதியவில்லை. சிமெண்டில் வேலை செய்யும் கைகளில் ரேகை தேய்ந்துவிடும். தெரிந்த விஷயம்தான், ஆனால் கண்ணால் பார்த்தது அன்றுதான். ரேகை உணரி இருந்தால் 'வசதி' தலைப்பில் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுவது என் பல வருடப் பழக்கம்.

"எம் பொண்ணு கையில ரேகை இருக்கு மாப்ள, அது போதும்" என்றார் மாமா. அந்த 640 வெள்ளி போனை மேசைமேல் வைத்தார். "நீ சொன்னாச் சரிதான்."

289 வெள்ளி போனை வாங்கிக்கொண்டு வந்தோம்.

*

லீவு முடிந்து வந்தபின் ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். போன் எப்படி இருக்கு என்று கேட்டேன். நல்ல பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

"போனெல்லாம் நல்லாருக்கு. சூடாகல, சார்ஜ் நிக்குது. ராத்திரியில வீடியோ கால் போட்டா மட்டும் புள்ள மொகம் கொஞ்சம் மங்கலாத் தெரியுது. வேலை முடிஞ்சு நான் பேசுறதே ராத்திரிதான். பரவால்ல."

முன்பக்கக் கேமரா. செல்ஃபிக்குத்தான் என்று நான் ஒதுக்கியது.

அந்தப் பெண்ணுக்கு ஏழு வயதாக இருந்தபோது மாமா இங்கே வந்தார். அப்பா மகளைப் பார்ப்பதும் மகள் அப்பாவைப் பார்ப்பதும் பெரும்பாலும் திரையில்தான். 2020இல் தங்கும் விடுதிகளை மூடியபோது பல மாதம் அந்தச் சின்னத் திரைதான் அவருக்கு வீடு. கடையில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் முகத்தை இல்லை. அந்தக் கேமரா முன்னால் ஒரு முகம் வந்தால் மறுமுனையில் எப்படித் தெரியும் என்று பார்த்திருக்கிறார். என் பாஷையில் சொன்னால், முறையான சோதனை. அந்தக் கடையில் சோதனை செய்தது அவர் ஒருவர்தான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா?"

"நீ படிச்ச புள்ள. கணக்கெல்லாம் போட்டு எடுத்துக்கிட்டு வந்திருந்த. நான் என்னத்தச் சொல்ல."

அந்தப் பதில் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

*

என் தாளில் எண் எதுவும் தப்பில்லை. திரும்பவும் சரிபார்த்தேன். மலிவான போன் விலையில் 9, தரத்தில் 7, வசதியில் 7. மற்றது விலையில் 4, தரத்தில் 9, வசதியில் 8. இந்த ஆறு எண்களில் ஒன்றைக்கூடத் தொடாமல், எடையை மட்டும் விலைக்கு 20, தரத்துக்கு 45, வசதிக்கு 35 என்று மாற்றிப் போட்டால் முடிவு தலைகீழாகிவிடுகிறது. மலிவானது 7.4, மற்றது 7.65. பொருள் மாறவில்லை, கடை மாறவில்லை. எது முக்கியம் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

மதிப்பெண் என்பது பொருளைப் பற்றிய தகவல். அதை நான் சொல்லலாம், அது என் படிப்பு. எடை என்பது வாழ்க்கையைப் பற்றிய தகவல். எவருடைய வாழ்க்கை? நான் மாமாவின் போனுக்கு என் வாழ்க்கையின் எடையைப் போட்டிருந்தேன். 40, 35, 25 என்பது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

சரி, மதிப்பெண்ணாவது சுத்தமாக என்னுடையதா என்று பார்த்தால் அதுவும் அவ்வளவு உறுதியாக இல்லை.

விலையை எடுத்துக்கொள்வோம். 289 என்பது எல்லாருக்கும் 289தானே? மாமாவின் அடிப்படைச் சம்பளம் ஒரு நாளைக்கு 28 வெள்ளி. அந்த 'மலிவான' போன் அவருக்குப் பத்து நாள் உழைப்பு. என் கைக்கு வரும் சம்பளத்தில் அது ஒன்றரை நாள். நான் வேண்டாம் என்று தள்ளிய 640 வெள்ளி போன் எனக்கு மூன்றரை நாள்கூட இல்லை, அவருக்கு இருபத்து மூன்று நாள். அதாவது, நான் அவருக்குச் சிக்கனம் என்று சொல்லிக்கொடுத்தது, எனக்கு ஆடம்பரமாகத் தெரிந்ததைவிட மூன்று மடங்கு நாள்களை விழுங்குகிறது. இவ்வளவு கொடுக்கிறவருக்குத்தானே எது வேண்டும் என்று சொல்ல அதிக உரிமை இருக்க வேண்டும்? நடப்பது நேர்மாறாக இருக்கிறது. காசு குறைவாக இருப்பவருக்கு எல்லாரும் புத்தி சொல்கிறோம்.

தரம் என் துறை. மின்னணுப் பொருள்கள் பழுதாவதை வரைபடமாகப் போட்டால் குளியல் தொட்டியை வெட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். தொடக்கத்தில் உற்பத்திக் குறைகளால் பழுது அதிகம், நடுவில் நீண்ட சமதளம், கடைசியில் தேய்மானத்தால் மறுபடி ஏற்றம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' அந்தத் தொடக்க மேட்டைக் கவனிக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், விற்கும்போதே இருந்த குறை என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. நல்ல சட்டம். ஆனால் மாமா வாங்கும் போன் இரண்டாவது வாரத்தில் விமானம் ஏறிவிடுகிறது. அறந்தாங்கியில் அது கெட்டுப்போனால், அடுத்து யாராவது ஊரிலிருந்து திரும்பும்வரை அங்கேயே கிடக்கும். எனக்குத் தப்பு நடந்தால் ரசீதைக் காட்டி மாற்றிக்கொள்வேன். அவருக்கு முதல் தப்பே கடைசித் தப்பு. ஒரே போனின் தரம் இரண்டு பேருக்கு இரண்டாக இருக்கிறது.

தவிர, தரம் பெட்டிக்குள் மட்டும் இருக்கிற விஷயமும் இல்லை. மாமா வந்த புதிதில் வைத்திருந்தது ஒரு பட்டன் போன். கீழே விழுந்து விழுந்து மூலையெல்லாம் உடைந்தும் வேலை செய்தது. 2017 ஏப்ரலில் இங்கே 2ஜி சேவையை நிறுத்தினார்கள். போனில் ஒரு குறையும் இல்லை, பேசத்தான் முடியவில்லை. பிறகு 2020இல் கைப்பேசிச் செயலியில் பச்சை நிறம் காட்டினால்தான் விடுதியை விட்டு வேலைக்குக் கிளம்பலாம் என்று வந்தது. அதுவரை விருப்பமாக இருந்த ஸ்மார்ட்போன் வேலைக்குப் போகும் அனுமதிச் சீட்டாகிவிட்டது. எனக்குத் தேவை எது, ஆடம்பரம் எது என்று நானே தனியாக முடிவு செய்கிறேன் என்பதெல்லாம் பாதிதான் உண்மை.

வசதியைப் பற்றி அந்தக் கட்டைவிரலே சொல்லிவிட்டது. அமர்த்தியா சென் சைக்கிளை உதாரணம் காட்டுவார். சைக்கிள் இருப்பது ஒன்று, அதை ஓட்டிப் போக முடிவது வேறு. கால் நடமாட்டம் இல்லாதவரிடம் அதே சைக்கிளைக் கொடுத்தால் அதே பயன் கிடைக்காது. பொருளை மட்டும் பார்க்காதே, அதை வைத்து இந்த மனிதரால் என்ன செய்ய முடிகிறது என்று பார் என்கிறார். தமிழ் எழுதுகிற நமக்கு இதைத் தனியாக விளக்கவே வேண்டாம். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்த போன்களை நம்மில் பலரும் வைத்திருந்தோம். ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்திருப்பார்கள். முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இல் இங்கே சிங்கப்பூரில் வெளியாகி, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று ஆனபோது போன்களின் தரம் கூடிவிடவில்லை. நமக்கு அவை பயன்படத் தொடங்கின, அவ்வளவுதான்.

*

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. மாமாவிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது, நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் என்று இத்துடன் முடித்துவிடலாம். ஆனால் காரணமே இல்லாமல், பளபளப்பாக இருக்கிறது என்பதற்காகவே அவர் அதை விரும்பியிருந்தால்? அப்போது நான் தடுத்தது சரியா?

தேக்காவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சிம் லிம் ஸ்குவேர். 2014 நவம்பரில் அங்கே நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வியட்நாமிலிருந்து வந்த ஒரு சுற்றுப்பயணி தன் தோழிக்காக ஐபோன் 6 வாங்கினார். 950 வெள்ளி கொடுத்த பிறகு, உத்தரவாதத்துக்கு இன்னும் 1,500 வெள்ளி தர வேண்டும் என்றார்கள். அவர் தரையில் மண்டியிட்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி அழுதார். அந்தக் காணொளி ஊர் முழுக்கப் பரவியது. கடைசியில் கிடைத்தது 400 வெள்ளி. மறு ஆண்டு கடை முதலாளிக்கு 33 மாதச் சிறை. அவருக்காக மக்கள் திரட்டிய பணத்தில் புது ஐபோன் தர முன்வந்தபோது அவர் அதை வேண்டாம் என்றார்.

அவர் ஒரு தொழிற்சாலை ஊழியர், மாதச் சம்பளம் சுமார் 200 வெள்ளி என்று செய்தியில் வந்தது. நான் அப்போது மாணவன். அந்தச் செய்தியைப் படித்ததும் கோபத்துக்குப் பின்னாலேயே எனக்கு இன்னொரு எண்ணமும் வந்தது. மாதம் 200 வெள்ளி வாங்குகிறவர் எதற்கு ஐபோன் வாங்க வேண்டும்? யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் வந்தது. இப்போது யோசித்தால், அந்தக் கேள்வியும் மாமாவிடம் நான் சொன்ன 'படிக்கிற புள்ளைக்கு இது போதும்' என்பதும் ஒரே வாக்கியம்தான்.

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலில் லினன் சட்டை பற்றி ஓரிடம் வருகிறது. உயிர் வாழ லினன் சட்டை தேவையில்லை. கிரேக்கர்களும் ரோமானியர்களும் அது இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில், அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வர ஒரு கௌரவமான தினக்கூலிக்காரர் கூசுவார், ஆகவே அதுவும் அவசியப் பொருள்தான் என்கிறார். சந்தையின் தந்தை என்று நாம் பாடம் படித்த மனிதர், தினக்கூலிக்காரரின் கூச்சத்தையும் கணக்கில் சேர்த்திருக்கிறார். என் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

உடனே ஒரு மறுப்பு எனக்கே தோன்றுகிறது. அந்தக் கூச்சத்தையும் ஆசையையும் உண்டாக்குவது விளம்பரம்தானே? அது அவருடைய சொந்த எடை என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. போன வருடம் 420 வெள்ளிக்கு ஒரு ஹெட்போன் வாங்கினேன். தாளில் அது மூன்றாவதாக வந்தது. எடையைக் கொஞ்சம் மாற்றினேன், இரண்டாவதாக வந்தது. 'வசதி'க்கு இன்னும் ஐந்து கூட்டினேன், முதலிடம். பிறகு நிம்மதியாகப் போய் வாங்கினேன். எனக்கு ஆசை வந்தால் அதற்குக் கணக்கு என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். மாமாவுக்கு வந்தால் அது விளம்பரத்தின் வேலை. அவரிடம் எக்செல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மரியாதையா? அதுவும் இல்லை. சிம் லிமில் அந்த மனிதர் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் நின்றிருந்தால் அவர் மண்டியிட நேர்ந்திருக்காது. விஷயம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது மரியாதை ஆகாது, நழுவல். இந்த போனில் பேட்டரி இவ்வளவு நேரம்தான் நிற்கும், இந்த உத்தரவாதம் ஊரில் செல்லாது, இந்தக் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இதையெல்லாம் நான் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு அப்பால் ஒரு கோடு இருக்கிறது. 'ஆகவே உனக்கு இது போதும்' என்ற வாக்கியம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். 'போதும்' என்ற சொல்லை அடுத்தவரைப் பார்த்துச் சொல்லும்போது நாம் பொருளைப் பற்றிப் பேசவில்லை, அந்த ஆளைப் பற்றிப் பேசுகிறோம்.

மாமா மறுத்துப் பேசியிருக்கலாமே என்றும் எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் என்னிடம் எண்கள் இருந்தன, அவரிடம் ஒரு முகம் மட்டும் இருந்தது. எண்களோடு வருகிறவரிடம் எண் இல்லாதவர் 'சரி' என்றுதான் சொல்வார். அந்தச் 'சரி'யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

*

இந்த வருடமும் மாமா லீவில் போகிறார். "மாப்ள, ஞாயித்துக்கெழம வர்றியா?" என்று குரல் செய்தி. எடைக் கட்டங்களைக் காலியாக விட்டு ஒரு தாளை அச்சடித்து எடுத்துப் போனேன். உங்களுக்கு எது முக்கியமோ அதற்கு அதிகமாகப் போடுங்கள் மாமா என்று பேனாவையும் கொடுத்தேன்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இதெல்லாம் எதுக்கு மாப்ள? நீ சும்மா பக்கத்துல நில்லு. ஏமாத்தாமப் பாத்துக்க. அது போதும்."

அவர் எடுத்தது ஒரு புளூடூத் ஸ்பீக்கர். பாட்டுக்கு ஏற்ற மாதிரி நீலமும் சிவப்புமாக விளக்கு மின்னும். 89 வெள்ளி. தரத்தில் நான் நாலுக்கு மேல் போட மாட்டேன். அந்த விளக்குகள் பேட்டரியைத் தின்னும் என்று ஒரே ஒருமுறை சொன்னேன். "தெரியுது மாப்ள. வீட்ல எங்க அம்மாவுக்குக் காது சரியாக் கேக்காது. பாட்டு ஓடுதுன்னு கண்ணுக்காவது தெரியட்டும்" என்றார்.

ரசீதில் தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்தேன். சார்ஜர் ஊர்ப் பிளக்கில் ஏறாது என்று சொல்லி இரண்டு வெள்ளிக்கு ஒரு மாற்றுப் பிளக் வாங்க வைத்தேன். வெளியே வந்ததும் மாமா பெட்டியைப் பிரித்து ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்தார். நடைபாதையில் போன இரண்டு பேர் நின்று என்ன விலை என்று கேட்டார்கள். மாமாதான் பதில் சொன்னார்.